ஐந்தில் ஒன்றுதான் கூடல்



இந்த மாத இதழைக் காதலுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். காதல் கதையும் கவிதையும் நம் இதழுக்குப் புதியவை அல்ல. ஆனால் காதலை ஒரு கல்வியாக எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் யோசித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நாம் இதுவரை ஆர அமரக் கேட்டதில்லை. உளவியலாளர்கள், மானுடவியலாளர்கள், மூளையை ஆராய்பவர்கள், சங்கப் பாடல்களிலேயே வாழ்நாளைச் செலவிட்ட தமிழறிஞர்கள் எனப் பலர் இதில் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றில் நம் வீட்டுக்கும் நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்கும் பயன்படக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தப் பக்கம்.

காதலைப் போய் ஆராய்ச்சி செய்வதா, ஆராய்ந்தால் அதன் அழகு கெட்டுவிடாதா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அமெரிக்காவில் இந்தத் தயக்கம் ஒருமுறை பெரிய சர்ச்சையாகவே வெடித்தது. எலைன் ஹாட்ஃபீல்ட், எலன் பெர்ஷைட் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதர்கள் ஏன் காதல்வயப்படுகிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதற்கு 84,000 டாலர் நிதி தந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மயர், மக்கள் வரிப்பணம் வீணாவதைச் சுட்டிக்காட்ட 1975இல் ஒரு கேலி விருதைத் தொடங்கினார். முதல் விருதை இந்த ஆராய்ச்சிக்கே கொடுத்தார். காதல் புதிராகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு விடை தெரிந்துகொள்ள யாரும் விரும்பவில்லை என்பது அவர் வாதம். அந்த இருவரும் ஊரெல்லாம் வசை வாங்கினார்கள். அப்போது நியூயார்க் டைம்ஸ் இதழின் பத்தி எழுத்தாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் அவர்களுக்காக எழுதினார். மனிதர்கள் எப்படிக் காதலிக்கிறார்கள், மணக்கிறார்கள், கசந்து பிரிகிறார்கள் என்பதற்கு ஒரு சிறு தடயம் கிடைத்தாலும்கூட, அதிபர் ஜெஃபர்சன் லூசியானா நிலப்பரப்பை நாட்டுக்காக வாங்கிய பிறகு அரசு செய்த மிகச் சிறந்த முதலீடு அதுதான் என்றார்.

நாங்கள் ரெஸ்டன் பக்கம். காதலில் தோற்று உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்தியை நாளிதழில் படிக்கும்போதெல்லாம், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச அந்தப் பிள்ளைக்கு யாராவது இருந்தார்களா என்று மனம் கேட்கிறது. நோயைப் பற்றியும் பயிரைப் பற்றியும் படிக்கிறோம், கற்பிக்கிறோம். இத்தனை பேரை வாழவைக்கும், இத்தனை பேரைச் சாகடிக்கும் ஓர் உணர்வை மட்டும் புதிர் என்று சொல்லி ஒதுக்கிவைப்பது சரியல்ல.

ஹாட்ஃபீல்டும் பெர்ஷைடும் செய்த முக்கியமான காரியம் இரண்டு உணர்வுகளைப் பிரித்துக் காட்டியது. உடலும் மனமும் ஒருவரையே சுற்றிச் சுழலும் வேட்கைக் காதல் ஒன்று. ஒரே கூரையின்கீழ், ஒரே வாழ்க்கையில் வேரோடிப்போன தோழமைக் காதல் இன்னொன்று. முதலாவது வேகமாகப் பற்றும், வேகமாகத் தணியவும் கூடும். இரண்டாவது மெல்ல வளரும். 1986இல் உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் இதை மூன்றாக விரித்தார். நெருக்கம், வேட்கை, உறுதிப்பாடு ஆகிய மூன்றும் எந்தெந்த அளவில் கூடுகின்றன என்பதைப் பொறுத்துக் காதலின் வகை மாறுகிறது என்றார். மூன்றும் நிறைந்த காதலை அடைவதைவிடக் காத்துக்கொள்வது கடினம் என்றும் சொன்னார்.

மறு ஆண்டு உளவியலாளர்கள் சிண்டி ஹேசனும் பிலிப் ஷேவரும் செய்த காரியம் ஒரு பத்திரிகை ஆசிரியராக எனக்கு மிகவும் பிடித்தது. டென்வர் நகரின் நாளிதழ் ஒன்றில் ஒரு கேள்வித்தாளை அச்சிட்டு, உங்கள் காதலைப் பற்றி எழுதுங்கள் என்று வாசகர்களைக் கேட்டார்கள். வந்த பதில்களில் 56 சதவீதத்தினர் தம் துணையிடம் பத்திரமாக உணர்பவர்களாக இருந்தார்கள். மற்றவர்களில் ஒரு பகுதியினர் நெருங்கி வந்தாலே விலகி ஓடுபவர்கள். இன்னொரு பகுதியினர் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று எப்போதும் பதறுபவர்கள். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் சொன்னவற்றை அவர்கள் பெரியவர்களின் காதலுக்குப் பொருத்திப் பார்த்திருந்தார்கள். காதலிக்கும்போது நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு குழந்தை அடைக்கலம் தேடுகிறது என்பது அவர்கள் எடுத்துச் சொன்ன உண்மை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படும் கணவனையோ, பத்து நிமிடம் பதில் வராவிட்டால் கலங்கிப்போகும் காதலியையோ இந்த வெளிச்சத்தில் பார்த்தால் கோபம் சற்றுக் குறையும். குறைய வேண்டும்.

அறிஞர்கள் நீண்ட நாள் சண்டையிட்ட கேள்வி ஒன்று உண்டு. காதல் எல்லா மனிதருக்கும் பொதுவானதா, அல்லது ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு காலத்தில் பிறந்த வழக்கமா? ஆங்கிலப் பேராசிரியர் சி.எஸ். லூயிஸ் 1936இல் வெளியிட்ட நூலில், இன்று நாம் காதல் என்று கொண்டாடும் உணர்வு 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் பிரான்ஸின் பாணர்களிடம்தான் முதலில் தோன்றியது என்று எழுதினார். 1939இல் சுவிட்சர்லாந்து எழுத்தாளர் டெனி டி ரூஜ்மோன் இன்னும் ஒரு படி மேலே போனார். மேற்கத்திய காதல் தடையைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது, தடை நீங்கினால் தீயும் அணைந்துவிடும், ஆகவே காதலுக்கும் கல்யாணத்துக்கும் ஒத்துவராது என்பது அவர் வாதம். அந்தப் பாணர்கள் பாடியது பெரும்பாலும் பிறன் மனைவியான ஒரு சீமாட்டியைத்தான். லூயிஸ் அந்தக் காதலின் இலக்கணங்களில் ஒன்றாகவே பிறன்மனை விழைவதைச் சேர்த்திருந்தார்.

இந்த வாதத்தை அசைத்தது 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு. வில்லியம் ஜான்கோவியாக், எட்வர்ட் ஃபிஷர் என்ற இரு மானுடவியலாளர்கள் உலகெங்குமிருந்து 166 சமூகங்களைப் பற்றிய பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். காதல் ஏக்கத்தைச் சொல்லும் பேச்சு இருக்கிறதா, காதல் பாட்டும் கதையும் உண்டா, மனம் ஒத்தவர்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்களா என்று தேடினார்கள். 147 சமூகங்களில் சான்று கிடைத்தது. மீதமுள்ளவற்றில் காதல் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அங்கே போன ஆராய்ச்சியாளர்கள் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தவறியிருக்கலாம் என்றே கருதினார்கள்.

லூயிஸின் நூல் வெளியான மறு ஆண்டு, 1937இல், சென்னையில் உ.வே. சாமிநாதையர் குறுந்தொகையைத் தம் உரையோடு பதிப்பித்தார். அதற்கு முன்பே 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் அந்த நூலை அச்சேற்றியிருந்தார். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காதல் பாடல்கள் ஆங்கிலம் படிப்பவர்களின் கைக்குப் பரவலாகப் போய்ச் சேர 1967இல் ஏ.கே. ராமானுஜனின் மொழிபெயர்ப்பு வரவேண்டியிருந்தது. அந்தப் பாடல்கள் முன்பே மேற்கே போயிருந்தால் லூயிஸ், ரூஜ்மோன் ஆகியோரின் முடிவுகள் வேறாக இருந்திருக்கும். தமிழ் முந்தியது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. காதலை நம் அகப்பாடல்கள் புரிந்துகொண்ட விதமே வேறு, அது இன்றைய ஆராய்ச்சியோடு நேருக்கு நேர் பேசுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பள்ளியில் படித்த ஐந்திணையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். குறிஞ்சிக்குப் புணர்தல். முல்லைக்கு இருத்தல். மருதத்துக்கு ஊடல். நெய்தலுக்கு இரங்கல். பாலைக்குப் பிரிதல். தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன இந்தப் பட்டியலில் காதலைப் பற்றிய ஒரு முழுத் தத்துவம் இருக்கிறது. ஐந்தில் ஒன்றுதான் கூடல். மற்ற நான்கும் கூடாத நேரங்கள்: காத்திருக்கும் மாலை, கோபித்துக்கொண்ட இரவு, கடற்கரையில் கலங்கி நிற்கும் பொழுது, பொருள் தேடிப் போனவனின் வெயில் வழி. இவை எல்லாவற்றையும் காதலுக்கு நேர்ந்த விபத்து என்று அந்தப் புலவர்கள் நினைக்கவில்லை. இவையும் காதல்தான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலத்தையும் பொழுதையும் பூவையும் பறவையையும் கொடுத்தார்கள். வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார், ஔவையார், கச்சிப்பேட்டு நன்னாகையார் என்று பெண்களும் தம் குரலில் பாடினார்கள். ஐந்திணைப் பாடல்களில் தலைவனுக்கோ தலைவிக்கோ இயற்பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததால், அந்தப் பாடல் யாருக்கு நேர்ந்ததோ அவருடையதாகிவிடுகிறது. கணவன் வளைகுடா நாட்டில் இருக்க, காரைக்குடியில் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு முல்லைப் பாட்டு பழைய இலக்கியமாகவா தெரியும்?

திருக்குறளின் மூன்றாம் பாலும் இதே கணக்கில்தான் அமைந்திருக்கிறது. அதில் 25 அதிகாரங்கள். காதல் அரும்பிக் கூடும் களவியலுக்கு 7, கூடிய பின் வரும் கற்பியலுக்கு 18. நூலின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை. 1,330ஆவது குறள் வந்து முடிவது ஊடலின் இன்பத்தில். 1730இல் குறளை லத்தீனில் மொழிபெயர்த்த வீரமாமுனிவர் இந்த மூன்றாம் பாலை விட்டுவிட்டார். துறவியான அவருடைய தயக்கம் புரிகிறது. ஆனால் அறத்தையும் பொருளையும் சொன்ன அதே கை, அதே பொறுப்போடு காதலையும் எழுதியது என்பதுதான் வள்ளுவரின் பெருமை. 1886இல் ஜி.யு. போப் முப்பாலையும் சேர்த்தே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்.

ரூஜ்மோன் சொன்னதோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். அவர் கண்ட காதல் மணவறை வாசலில் முடிந்துவிடுகிறது. நம் அகமரபில் களவில் சந்தித்த அதே இருவர் கற்பிலும் தொடர்கிறார்கள். கதை அங்கிருந்து நீள்கிறது. வ.சுப. மாணிக்கம் போன்ற அறிஞர்கள் ‘தமிழ்க் காதல்’ என்று தனி நூலே எழுதி ஆராய்ந்தது இந்தத் தொடர்ச்சியைத்தான்.

நம் மரபில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மருதத்தின் ஊடல் பல பாடல்களில் பரத்தையிடம் போய்வந்த கணவன்மேல் மனைவிக்கு வரும் கோபம். அவன் போகலாம், அவள் பொறுக்க வேண்டும் என்ற ஏற்றத்தாழ்வு அங்கே இருக்கிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியாது. அதேசமயம் அந்த மரபு இன்றைக்கும் நமக்குத் தேவையான ஓர் எல்லையைத் தெளிவாகப் போட்டுத் தந்திருக்கிறது. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தது. காதல் இன்னதென்றே அறியாத இளம்பெண்ணிடம், பதில் கிடைக்காத ஒருவன் தானே பேசித் தானே மகிழ்வதைத் தொல்காப்பியம் கைக்கிளைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. இருவர் மனமும் ஒத்தால்தான் அது அன்பு. பெண்ணின் பின்னாலேயே சுற்றினால் அவள் ஒருநாள் மனம் மாறிவிடுவாள் என்று நம் திரைப்படங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த பாடம் எத்தனை பெண்களின் நிம்மதியையும், சிலருடைய உயிரையும் பறித்திருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் வழியில் நிற்பவனுக்குத் தமிழ் இலக்கணத்தில் தலைவன் என்ற இடம் இல்லை. இதை நம் வகுப்பறைகளில் ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இனி கல்யாணத்துக்கு வருவோம். காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணமா, எது நிலைக்கும் என்ற பட்டிமன்றம் நம் ஊரில் ஓய்ந்ததே இல்லை. உஷா குப்தா, புஷ்பா சிங் என்ற இரு ஆய்வாளர்கள் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளிடம் கேட்டு 1982இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காதலித்து மணந்தவர்களிடம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு காதல் குறைந்திருந்தது, பார்த்துச் செய்த கல்யாணத்தில் அது வளர்ந்திருந்தது என்பது அவர்கள் கண்டது. உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு இது. ஆனால் ஒரே ஊரில் 50 தம்பதிகளை வைத்து ஒரு நாட்டுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. 2012இல் வெளியான, அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு வகைத் திருமணங்களிலும் காதலும் நிறைவும் ஒரே அளவில்தான் இருந்தன. ஆகவே எப்படி மணந்தார்கள் என்பதைவிட, மணந்த பிறகு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற கேள்விதான் பயனுள்ளது.

காலம் போகப் போகக் காதல் வற்றித்தான் ஆக வேண்டுமா? ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஆரோன், லூசி பிரவுன் ஆகிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் காதல்வயப்பட்ட 17 பேரைக் காந்தப்புல ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அவரவர் காதலரின் படத்தைக் காட்டினார்கள். மூளையின் அடியாழத்தில், ஒன்றை அடையத் துடிக்கும் உந்துதலோடு தொடர்புள்ள, டோபமைன் நிறைந்த பகுதி விழித்தெழுந்தது. காதல் வெறும் உணர்ச்சி என்பதைவிட, பசி தாகம் போன்ற ஓர் உந்துதல் என்று ஃபிஷர் கடைசிவரை வாதிட்டார். பிற்பாடு பியான்கா அசெவெடோவும் இவர்களும் சேர்ந்து, மணமாகிச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆன பிறகும் துணையை உருகிக் காதலிப்பதாகச் சொன்னவர்களை அதே கருவியில் சோதித்தார்கள். அதே பகுதி அவர்களுக்கும் விழித்தது. கூடவே தாய்மைப் பிணைப்போடு தொடர்புள்ள பகுதிகளும் விழித்தன. சிலரிடம் மட்டும் செய்த சிறிய சோதனைதான் இது. எல்லாருக்கும் அப்படித்தான் என்று இது நிறுவவில்லை. ஆனால் முடியும் என்று காட்டுகிறது. முடியும் என்பதே எவ்வளவு பெரிய ஆறுதல்!

எப்படி முடிகிறது என்று தேடியவர் உளவியலாளர் ஜான் காட்மன். சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஒரு வீடு போலவே அமைத்த ஆய்வுக்கூடத்தில் புதுமணத் தம்பதிகளைத் தங்கவைத்து அவர்களுடைய அன்றாடப் பேச்சைக் கவனித்தார். ஆறு ஆண்டுகள் கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் பிரிந்துவிட்டார்கள் என்று பார்த்தார். அவர் கண்டது பெரிய சண்டைகளைப் பற்றியதல்ல. மிகச் சிறிய ஒன்றைப் பற்றியது. உதாரணத்துக்கு, மனைவி அடுப்படியிலிருந்து "இன்னைக்கு பஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று தொடங்குகிறார். கணவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி "என்னாச்சு?" என்கிறாரா, இல்லையா? சேர்ந்தே இருந்த தம்பதிகள் இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்குச் செவி கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் கொடுத்தது 33 சதவீதத்துக்கு மட்டும். காதல் கரைவது பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்ன "என்னாச்சு?"க்கள் நின்றுபோகும் வீட்டில்தான்.

இத்தனையும் படித்த பிறகு, காதலில் தோற்றவர்கள் எல்லாப் பழியையும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லத் தோன்றுகிறது. ஈவா இல்லூஸ் என்ற சமூகவியலாளர் இதைத்தான் வலியுறுத்துகிறார். காதல் ஏன் வலிக்கிறது என்பதற்கான விடை நம் குழந்தைப் பருவத்தில் மட்டும் இல்லை. துணையைத் தேர்ந்தெடுக்க இந்தக் காலம் அமைத்துத் தந்திருக்கும் சந்தையிலும் இருக்கிறது என்கிறார். நம் நாட்டில் அதோடு சாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர், சாதியைக் கரைக்கும் உண்மையான மருந்து கலப்பு மணம்தான் என்றார். 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, சாதி கடந்து மணந்தவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணாவின் அரசு சட்ட வடிவம் தந்த மாநிலத்தில்தான் ஆணவக் கொலைகளும் நடக்கின்றன. வயதுவந்த இருவர் மனமொத்து மணக்கக் குடும்பத்தின் ஒப்புதலோ சாதியின் ஒப்புதலோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’, இமையத்தின் ‘பெத்தவன்’ ஆகிய கதைகளைப் படித்தவர்களுக்கு இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் நெருப்பு தெரியும். அவற்றைப் படிக்காதவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

நம் வீடுகளில் அன்பு இல்லாமல் இல்லை. திருக்கோவையாரைப் பாடம் கேட்கத் தமிழ்நாட்டுக்கு வந்து, ஒரு தமிழ்க் குடும்பத்தோடு வாழ்ந்து, 1990இல் ஒரு நூல் எழுதிய மானுடவியலாளர் மார்கரெட் டிராவிக் அதைக் கண்டார். இங்கே அன்பு அடங்கியிருக்கிறது, பழக்கத்தில் வளர்கிறது, கண்டிப்பிலும் ஒளிந்திருக்கிறது என்று எழுதினார். கண்பட்டுவிடும் என்று பெற்ற பிள்ளையைக்கூட ஆசை தீரப் பார்க்கத் தயங்கும் தாய்மார்கள் நாம். அந்த அடக்கத்தில் ஓர் அழகு உண்டு. ஆனால் அடக்கமே பேச்சற்ற மௌனமாக இறுகிப்போனால், பதினேழு வயதுப் பிள்ளை தன் மனதில் இருப்பதை யாரிடம் சொல்லும்?

இதற்கும் அகமரபு ஒரு வழியை அமைத்திருந்தது. தலைவியின் மனதைத் தோழி அறிவாள். உரிய நேரத்தில் தோழி அதைச் செவிலித்தாயிடம் எடுத்துரைப்பாள். செவிலி நற்றாயிடம் சொல்வாள். நற்றாய் வழியாக அது தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் போய்ச் சேரும். மகளின் காதலை வீட்டாருக்குத் தெரிவிக்கும் இந்தச் செயலுக்கு முன்னோர் அறத்தொடு நிற்றல் என்று பெயர் வைத்தார்கள். அதை மறைப்பதோ அடக்குவதோ அறம் என்று அவர்கள் சொல்லவில்லை. உடன்போன மகளைத் தேடிப் பாலைவழியில் அலையும் செவிலிக்கு, எதிரே வரும் சான்றோர் உன் மகள் சென்றதும் அறத்தின் வழிதான் என்று ஆறுதல் சொல்லித் திருப்பி அனுப்பும் காட்சி கலித்தொகையில் இருக்கிறது. அரிவாளோடு தேடிப் போகச் சொன்னவர்கள் அல்லர் நம் சான்றோர்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பிள்ளைக்கு நீங்கள் செவிலியாகவோ தோழியாகவோ இருங்கள். அத்தையாக, மாமாவாக, அண்ணியாக, ஆசிரியராக, எந்த உறவாக இருந்தாலும் சரி. பிள்ளை வாய்திறந்து சொல்லும்போது முதல் கேள்வி "அவன் என்ன ஆளுங்க?" என்று இருக்க வேண்டாம். "உன்னை மரியாதையா நடத்துறானா? நீ அழும்போது அவன் என்ன செய்யுறான்? நீ வேண்டாம்னு சொன்னா கேட்டுக்கிறானா?" என்று கேளுங்கள். மகனிடமும் இதே அக்கறையோடு கேளுங்கள்: "அந்தப் பொண்ணுக்கும் விருப்பமா? அவ வாயால சொன்னாளா?" அந்தக் காதல் நிலைக்காது என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் சொல்லுங்கள், ஆனால் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லாதீர்கள். தோற்றுத் திரும்பி வந்தால் சோறு போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பிரிவும் இரங்கலும் காதலின் திணைகள்தான், அவற்றைக் கடந்து வாழ முடியும் என்று உங்கள் அனுபவத்திலிருந்து எடுத்துச் சொல்லுங்கள்.

மணமாகி ஆண்டுகள் பல ஆனவர்களுக்கும் இந்த இதழில் இடம் உண்டு. ஊடிக் கூடி, காத்திருந்து, சலித்து, மறுபடியும் சிரித்துப் பழகிய உங்கள் அனுபவம் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் குறைந்ததல்ல. டென்வர் வாசகர்கள் தங்கள் நாளிதழுக்கு எழுதியதைப் போல நீங்களும் எங்களுக்கு எழுதுங்கள். கூடிய நாளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நீங்கள் மற்ற நான்கு திணைகளைப் பற்றி எழுதுங்கள். எப்படிக் காத்திருந்தீர்கள், எப்படிச் சண்டையை முடித்துக்கொண்டீர்கள், யார் முதலில் பேசினார்கள் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். அகப்பாட்டுக்கும் அதுதானே விதி. அடுத்த இதழின் சில பக்கங்களை உங்கள் கடிதங்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறோம். இளைய வாசகர்கள் அவற்றைப் படித்துப் பயன்பெறுவார்கள் என்று உறுதியாக நம்புகிறோம்.

என்றும் அன்புடன்,
ஆசிரியர்